விமானத்துக்கு வைத்த பொட்டு

மாத்திரை டப்பாவில் காலை, மதியம், ராத்திரி என்று அறை பிரித்து வைத்துக்கொண்டு, அப்படியும் காலை மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்று சந்தேகப்படுகிற என் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நம் பிள்ளைகள் படித்தால், "யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, இதில் என்ன கதை?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். உண்மைதான். யாரும் சாகவில்லை. விமான விபத்து என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்த விமானம் சரியாக மேலே எழும்பக்கூட இல்லை.

என் அப்பா டிரைவர். அவருடைய முதலாளிக்கு மலைப்பக்கம் காப்பித் தோட்டம் இருந்தது. பெங்களூரில் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பங்களா, ஒரு கறுப்புக் கார், அதோடு ஒரு குட்டி விமானமும் இருந்தது. இந்தக் கடைசிச் சமாசாரத்தை என் பள்ளிக்கூடத்தில் யாரும் நம்பவில்லை. "உங்க மொதலாளிக்குக் கப்பல் இல்லையா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் விடவில்லை, அடுத்த வருஷம் வாங்கப் போகிறார் என்று சொல்லிவைத்தேன்.

நாங்கள் இருந்தது பங்களாவுக்குப் பின்னால் அவுட்ஹவுஸில். ஒரு அறை, ஒரு சமையல் கட்டு, எதிரே கார் ஷெட். அம்மா, அப்பா, அக்கா, நான். அக்கா அந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. எழுத வேண்டியவள். நான் நாலாம் வகுப்பு. அக்கா படிப்பில் கெட்டிக்காரி. அவள் டீச்சர் ஆவாள் என்று அம்மா நம்பினாள். அக்காவே அதற்குள் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டு என்னைத் தினமும் சுவர்ப்பக்கம் நிற்கவைத்து வாய்ப்பாடு கேட்பாள். பதினேழாம் வாய்ப்பாட்டில் நான் திணறுவதில் அவளுக்கு ஒரு ஆனந்தம்.

விமானம் நகருக்கு வடக்கே, திராட்சைத் தோட்டங்களைத் தாண்டி ஒரு மைதானத்தில் நின்றது. அங்கே தார் போட்ட ஓடுபாதை எல்லாம் இல்லை, வெட்டிவிட்ட புல்தரைதான். நாலு பேர் உட்காரலாம். வெள்ளை உடம்பில் ஒரு பச்சைக் கோடு. முதலாளியே ஓட்டுவார். எஞ்சினைப் பார்க்க ஒரு மெக்கானிக் எப்போதாவது வருவார். கழுவுவது, துடைப்பது, கொட்டகையிலிருந்து தள்ளிக்கொண்டு வருவது எல்லாம் அப்பாவின் வேலை. காரைவிட அதன்மேல்தான் அவருக்குப் பிரியம். அதை 'குட்டி' என்றுதான் சொல்வார். "குட்டியைக் குளிப்பாட்டிட்டு வந்தேன்" என்று அவர் சொன்னால் அன்றைக்கு அவர் சட்டையில் பெட்ரோலும் சோப்பும் கலந்த ஒரு வாசனை இருக்கும். அதைத் துடைப்பதற்கென்றே மெத்தென்ற ஒரு மஞ்சள் துணி வைத்திருந்தார். தெரியாமல் அம்மா அதில் சூடான பாத்திரத்தைப் பிடித்து இறக்கிவிட்டாள் என்று ஒருநாள் முழுக்க அவளோடு பேசவில்லை. எங்கள் வீட்டில் சண்டை என்றால் கத்துவது கிடையாது, பேசாமல் இருப்பதுதான்.

ஆயுத பூஜை பெங்களூரில் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்கள் புத்தகத்துக்கும் சுத்தியலுக்கும் பொட்டு வைத்தால், நம் ஊரில் பஸ்ஸுக்கு வாழை மரம் கட்டி, ஆட்டோவுக்கு மாலை போட்டு, நடுரோட்டில் சாம்பல் பூசணியைப் போட்டு உடைத்துவிட்டு, மறுநாள் அதே பூசணியில் வழுக்கி விழுவோம். சக்கரம் உள்ளது எதுவும் பொட்டில்லாமல் தெருவில் போக முடியாது. விமானத்துக்கும் மூன்று சக்கரம் இருந்தது. அதனால் அதற்கும் பூஜை உண்டு.

அந்த வருஷம் நாள் கணக்காக மழை. பூஜை அன்று காலையில்தான் விட்டது. முதலாளி எங்கள் எல்லாரையும் காரிலேயே மைதானத்துக்கு வரச் சொல்லியிருந்தார். முன்சீட்டில் அப்பாவும் அம்மாவும். பின்சீட்டில் அக்காவும் நானும், எங்களுக்கு நடுவில் பொரி மூட்டை. முதலாளியும் முதலாளியம்மாவும் ஒரு சிநேகிதரும் அந்தச் சிநேகிதரின் காரில் வந்தார்கள். தோட்டத்து ஆட்களுக்கென்று ஸ்வீட் டப்பாக்கள் ஒரு டிக்கி நிறைய வந்திருந்தன. பூஜை முடிந்ததும் விமானத்தை எடுத்து, சிநேகிதரோடு தோட்டத்துக்குப் பறந்து, கையோடு ஸ்வீட்டையும் கொடுத்துவிட்டு வருவது என்று ஏற்பாடு.

இறங்கியதும் செருப்பு புல்லுக்குள் சளக் என்று போயிற்று. மண் வாசனை, நனைந்த தைல மர வாசனை, அதற்கு நடுவே அம்மா கொளுத்திய ஊதுவத்தி. அப்பா விமானத்தின் இரண்டு பக்கமும் வாழைக்கன்றைச் சாய்த்து நிறுத்தினார். அவர் முகத்தில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் களை.

"அம்மாடி, நீ வாம்மா. ஒன் கைதான் நேர்த்தியான கை. எல்லா எடத்துலயும் பொட்டு வை. ஒரு எடம் விடக் கூடாது" என்று அக்காவைக் கூப்பிட்டார்.

அவள் கோலம் போட்டால் புள்ளி கடுகளவு பிசகாது. தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். முன்னால் சுற்றுகிற விசிறிக்கு மூன்று, கதவுக்கு ஒன்று, வாலுக்கு, சக்கரங்களுக்கு. பெரிதாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் சின்னதாகக் குங்குமம். கடைசியில் இறக்கைக்கு வந்தாள். இடது இறக்கைக்கு அடியில் விரல் தடிமனில் ஒரு குழாய் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயில் சின்ன ஓட்டை. அந்த ஓட்டை மேலேயே அழகாக ஒரு பொட்டு வைத்தாள்.

அப்பா தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுச் சிரித்தார். "மூக்குத்தி போட்ட மாதிரி கீது!" என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார். பூசணிக்காயும் எலுமிச்சம்பழமும் காவல்காரர் குடிசையில் இருந்தன. எடுத்துவர நானும் அவரும் கேட் வரைக்கும் நடந்தோம். திரும்பும்போது அவர் பூசணியைத் தோளில் வைத்துக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்தார். அதற்குப் பிறகு அவர் பாடி நான் கேட்டதாக ஞாபகம் இல்லை.

கற்பூரம் காட்டினார்கள். பூசணி உடைந்தது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அப்போது முதலாளியம்மா, "தரை இவ்ளோ ஈரமா இருக்குங்க. நாளைக்குப் போலாமே?" என்று கேட்டது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. முதலாளி சிரித்தார். "பூஜை போட்ட வண்டியை நிறுத்தி வைக்கிறதா? சும்னே இரம்மா" என்றார். அவர் பேசுவது பாதி தமிழ், பாதி கன்னடம். சிநேகிதர் கனத்த மனுஷர், மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார். ஸ்வீட் டப்பாக்களை அப்பா உள்ளே அடுக்கினார். இன்றைக்கு ஸ்கூட்டியில் இரண்டு பேரும் ஒரு கேஸ் சிலிண்டரும் போனாலே நான் திட்டுகிறேன். அன்றைக்கு அதெல்லாம் யாருக்கும் கண்ணில் படவில்லை.

எஞ்சின் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டேன். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. விமானம் ஓடத் தொடங்கியது. சக்கரங்களிலிருந்து சேறு இறக்கை உயரத்துக்கு அடித்தது. ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா கையைத் தூக்கி, "ஏறு, ஏறு, ஏறுடா குட்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முடிவுக்குப் பக்கத்தில் அது கொஞ்சம் எம்பியது. கோழி வேலி தாண்டப் பார்க்கிற மாதிரி எம்பி, மறுபடி தரையில் தட்டி, கம்பி வேலியைப் பிய்த்துக்கொண்டு அந்தப் பக்கத்துக் கேழ்வரகு வயலுக்குள் போய் மூக்குக் குத்தி நின்றது. சத்தம் ரொம்பப் பெரிதாக இல்லை. அண்டா கீழே விழுந்தால் இப்படித்தான் கேட்கும். அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

அப்பாதான் முதலில் ஓடினார். நான் அவர் பின்னாலேயே வேலி வரைக்கும் ஓடிவிட்டேன். அவர் கதவைப் பிடுங்கி முதலாளியை வெளியே இழுத்து உட்காரவைத்தார். தோள்பட்டை எலும்பு உடைந்திருந்தது, நெற்றியில் ரத்தம். சிநேகிதர் தானே இறங்கி வந்து, தன் கண்ணாடியைக் காணோம் என்று வயலில் தேட ஆரம்பித்தார். கேழ்வரகுக் கதிர்மேல் மைசூர்பாக்கு சிதறிக் கிடந்தது. எனக்குப் பயமும் இல்லை, அழுகையும் இல்லை. அந்த மைசூர்பாக்கை யார் எடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அப்பா இறக்கைப் பக்கம் போனார். அந்தக் குழாயைப் பார்த்தார். அதன் வாய் அடைத்திருந்தது. மஞ்சள் துணியை எடுத்து வேகவேகமாகத் துடைத்தார். வேலிக் கம்பியில் ஒரு துண்டை ஒடித்து ஓட்டைக்குள் விட்டுக் குடைந்தார். துணியில் செம்மஞ்சளாக ஒட்டியது. சந்தனமும் குங்குமமும் குழைந்தால் என்ன நிறமோ, அந்த நிறம். அதற்குள் ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள். யாரோ, "ஏய், எதையும் தொடாதே!" என்று கத்தினார்கள். அப்பா துணியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். அந்தத் துணியை அதற்குப் பிறகு நாங்கள் வீட்டில் பார்க்கவில்லை.

தசரா லீவு முடிந்த இரண்டொரு நாளில் விமானத் துறை அதிகாரிகள் பங்களாவுக்கு வந்தார்கள். முதலாளி கையைத் துணித் தொட்டிலில் தொங்கவிட்டபடி போர்ட்டிகோவில் உட்கார்ந்திருந்தார். அக்கா பள்ளிக்கூடம் போயிருந்தாள். எனக்குக் காய்ச்சல், அதனால் வீட்டில். கார் ஷெட் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

குழாயை ஏன் துடைத்தாய் என்று அவர்கள் அப்பாவிடம் கேட்டார்கள். அதன் வழியாகப் போகிற காற்றை வைத்துத்தான் விமானம் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று உள்ளே இருக்கிற ஊசி காட்டுமாம். குழாய் அடைத்தால் ஊசி ஏறாது. எந்த வேகத்தில் தூக்குவது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. அவர்கள் சொல்லித்தான் எனக்கே இது தெரியும். அப்பாவுக்கு முன்பே தெரிந்திருக்கும், தினமும் தொடுகிற வண்டி.

"நான்தான் சார். பூஜைக்குப் பொட்டு வைக்கும்போது அவசரத்துல அதும் மேலயும் வச்சிட்டேன். எல்லாப் பொட்டும் நான் வச்சதுதான்" என்றார் அப்பா.

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்தார். பிறகு, "ஆமா. ஊசி ஏறவே இல்லை. நான் என்ன பண்ண முடியும்?" என்றார். பக்கத்தில் நின்ற முதலாளியம்மா உள்ளே போய்விட்டார்.

ஷெட்டுக்கு வந்த அப்பா என்னைப் பார்த்துவிட்டார். குந்தி உட்கார்ந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "கேட்டுட்டியா? பரவால்ல. அக்காகிட்ட மட்டும் சொல்லக் கூடாது. இன்னா ஆனாலும் சொல்லக் கூடாது. அவதான் வச்சான்னு தெரிஞ்சா அவ தாங்கமாட்டா. வைக்கச் சொன்னவன் நான்தானே" என்றார். நான் தலையை ஆட்டினேன். எனக்கு அந்த நிமிஷத்தில் பெருமையாகக்கூட இருந்தது. பெரியவர்கள் ரகசியம் ஒன்று என்னை நம்பி வந்திருக்கிறது.

அந்த மாதமே அவுட்ஹவுஸைக் காலி செய்தோம். லிங்கராஜபுரத்தில் ஒற்றை அறை. எங்கள் சாமான் எல்லாம் ஒரு கை வண்டியில் அடங்கிவிட்டது. போகும்போது பங்களா சமையற்காரம்மா அக்காவிடம், "ஒங்க அப்பாதான் தப்பு பண்ணிட்டேன்னு ஒத்துக்கினாராமே. மொதலாளி போலீஸுக்குக் குடுக்காம உட்டதே பெருசு" என்று சொல்லி அனுப்பினாள். அக்கா அன்று சாயங்காலமே அப்பாவிடம் நேராகக் கேட்டாள்.

"அப்பா, நீங்க அந்த பிளேன்ல என்னா பண்ணீங்க?"

"என் தப்புதான்மா. அதோட உடு. இந்தப் பேச்சை இனிமே இந்த வீட்ல யாரும் எடுக்கக் கூடாது."

யாரும் எடுக்கவில்லை. நம் காலத்து வீடுகளில் அப்பா ஒன்றைப் பேசாதே என்றால் அது அதோடு முடிந்தது.

விமானத்தைக் கெடுத்தவன் என்று பெயர் வாங்கிய டிரைவரைக் கன்டோன்மென்ட்டில் எந்த வீட்டிலும் சேர்க்கவில்லை. அப்பா சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் பேல் இறக்கப் போனார். அக்கா எஸ்.எஸ்.எல்.சி. எழுதவில்லை. அவளும் சிவாஜிநகரில் ஒரு பிளவுஸ் தைக்கிற கடைக்குப் போனாள். அவள் கோலம் போட்ட கை கொக்கி வைக்கவும் காஜா எடுக்கவும் பழகியது. அதற்குப் பிறகு என்னிடம் அவள் வாய்ப்பாடு கேட்கவில்லை. நான் மேலே படித்தேன், டெலிபோன் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன், பென்ஷன் வாங்குகிறேன். அவள் கண் மங்கும் வரை தைத்தாள்.

இருவரும் ஒரே பஸ்ஸில் போவார்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கறிக்கடைகளைத் தாண்டி அவளைத் தையல் கடை வாசல் வரை கொண்டுவிட்டு, பிறகுதான் அப்பா தன் கடைக்குப் போவார். சாயங்காலமும் அப்படியே, அவள் வேலை முடியும் வரை எதிர்ப்பக்கத்தில் நிற்பார். அக்கா முன்னால் நடப்பாள். அவர் நாலடி பின்னால் நடப்பார். அவள் அவரோடு பேசமாட்டாள். கேட்டதற்குப் பதில் மட்டும் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை குழம்பில் நல்லி எலும்பு விழுந்தால் அப்பா அதைத் தன் தட்டிலிருந்து எடுத்து அவள் தட்டில் வைப்பார். அவள் அதை ஒதுக்கி என் பக்கம் தள்ளுவாள். நான் தின்றுவிடுவேன்.

நான் என்ன நினைத்தேன் என்றால், அவளுக்கும் எப்படியோ சந்தேகம் தட்டியிருக்கிறது, குற்ற உணர்ச்சியில் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் இருக்கிறாள் என்று. அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். ஒருமுறை அம்மாவிடம், "உள்ளுக்குள்ளயே வச்சிகினு வேகுது பொண்ணு. இன்னாத்த சொல்லி ஆத்துறது?" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

இன்னொன்று. ஒவ்வொரு தீபாவளிக்கும் முதலாளியம்மாவிடமிருந்து ஒரு புடவை வரும். அக்காவுக்கு மட்டும். அம்மாவுக்குக் கிடையாது, எனக்குக் கிடையாது. அக்கா கல்யாணமாகி விவேக் நகர் போன பிறகும் ஆள் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். என்ன தங்கமான மனசு என்று நாங்கள் எல்லாரும் சொன்னோம்.

அப்பா நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்காவும் வந்தாள். அவர் அவள் கையைத் தேடிப் பிடித்து, மூச்சு வாங்கிக்கொண்டே, "நீ மனசுல எதையும் வச்சிக்காதம்மா" என்றார். அவள் கையை உருவிக்கொண்டு, ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கி வருகிறேன் என்று கீழே போனாள். அவள் மேலே வருவதற்குள் முடிந்துவிட்டது. அவள் அழவில்லை. சாவு வீட்டில் எல்லாரும் அதைப் பேசினார்கள். நானும் அழவில்லை, ஆனால் நான் சின்னவள், என்னை யாரும் கவனிக்கவில்லை.

அவர் போன பிறகாவது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சொன்னால் என்ன ஆகும்? உன்னால்தான் இதெல்லாம் என்று அவள் தலையில் ஏற்றுவதாகும். அப்பா வாழ்நாள் முழுக்கச் சுமந்து மறைத்ததை நான் எதற்கு இறக்கி வைக்க வேண்டும்? அப்படி நினைத்தே வருஷங்கள் போயின.

போன மாதம் நான் விவேக் நகர் போயிருந்தேன். அக்கா வீட்டுக்காரர் இல்லை, பிள்ளைகள் வெளியூரில். நாங்கள் இரண்டு கிழவிகளும் சோபாவில் உட்கார்ந்து அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பேத்தி என்னென்னவோ அனுப்பிவைப்பாள். அதில் ஒரு வீடியோ. எந்த ஊரோ தெரியவில்லை, ஒரு சின்ன விமானம் ஓடி, எழும்பாமல், புல்லில் சறுக்கி நிற்கிறது. சத்தமில்லாத வீடியோ. அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள்.

"நம்ம அப்பன் மாதிரி எவனோ கை வச்சிருக்கான்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அப்பா போன பிறகு எத்தனையோ தடவை அவள் இப்படி ஏதாவது சொல்லியிருக்கிறாள், மனசு உறுத்துவதை மறைக்கத்தான் சொல்கிறாள் என்று நான் முழுங்கியிருக்கிறேன். அன்றைக்கு முடியவில்லை. கோபமா, வயசா, தெரியவில்லை.

"அப்பா கை வைக்கலக்கா. ஒனக்காகத்தான் பழியை ஏத்துக்கினாரு" என்றேன்.

"எனக்காகவா? நான் இன்னா பண்ணேன்?"

சொல்லிவிட்டேன். குழாயில் அவள் வைத்த பொட்டு, அது அடைத்து ஊசி ஏறாமல் போனது, அப்பா மஞ்சள் துணியால் துடைத்தது, அதிகாரிகளிடம் எல்லாப் பொட்டும் நான் வைத்ததுதான் என்று சொன்னது, ஷெட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டது. சொல்லி முடித்ததும், ஐயோ, இவள் உடைந்துபோவாளே என்று பயந்தேன்.

அவள் உடையவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அந்தக் குழாய்ப் பொட்டையா சொல்ற? அதை நான் அப்பவே தொடச்சிட்டேனே."

"எப்ப?"

"நீயும் அப்பாவும் பூசணிக்காய் எடுக்கப் போனீங்களே, அப்ப. மொதலாளியம்மா பாத்துட்டாங்க. 'அந்த ஓட்டைல வைக்கக் கூடாது கண்ணு, தொடச்சிடு'ன்னாங்க. தாவணி முனைய நனைச்சி சுத்தமா தொடச்சேன். அவுங்க குனிஞ்சி பாத்து, சரின்னு சொன்னாங்க."

"அப்பா தொடச்சப்ப என்னமோ வந்துச்சேக்கா. நான் பாத்தேன். செவப்பா."

"வயல்ல மூக்குக் குத்தி நின்னா சேறு ஏறாம சந்தனமா ஏறும்?"

அந்த வயல் முழுக்கச் செம்மண். நானும் பார்த்திருக்கிறேன்தான். வேலியருகே என் பாவாடை விளிம்பெல்லாம் அந்த மண்தான் ஒட்டியிருந்தது.

ஈரத் தரை, கனத்த சிநேகிதர், டப்பா டப்பாவாக ஸ்வீட், ஊசி ஏறவே இல்லை என்று முதலாளி சொன்ன பொய் எல்லாம் அப்போதுதான் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. தீபாவளிப் புடவைகளும் ஞாபகம் வந்தன. நான் அவற்றைப் பற்றிச் சொல்வதற்குள் அக்காவே சொன்னாள். "அந்தம்மாவுக்குத் தெரியும். அதான் பொடவ."

"நீ ஏன்கா அப்ப வாயைத் தொறக்கல?"

"எனக்குச் சந்தனம்னு எவன் சொன்னான்? அப்பா எஞ்சின்ல எதையோ தொட்டுட்டாரு, அதான் ஒத்துக்கினாருன்னுதான் நான் நெனச்சேன். கேட்டேன், சொல்லல. என் பரீட்சை போச்சு. எல்லாம் போச்சு. என்னா பண்ணேன்னுகூடச் சொல்லாத மனுசங்கிட்ட இன்னா பேசுறது?"

அவள் எழுந்து காப்பி போடுகிறேன் என்று உள்ளே போனாள். ரொம்ப நேரம் பாத்திரச் சத்தம் எதுவும் வரவில்லை. போய்ப் பார்த்தேன். பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றிருந்தாள். பாக்கெட்டிலிருந்து குளிர்ந்த தண்ணீர் அவள் கையில் வழிந்து தரையில் சொட்டியது. எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. பாக்கெட்டை வாங்கி மேடைமேல் வைத்தேன்.

"தெனம் கடை வரிக்கும் பின்னாலயே வருவாரே" என்றாள். "நான் திரும்பிக்கூடப் பாக்கமாட்டேன். அவரு இன்னா நெனச்சிருப்பாரு?"

"நீ பண்ணிட்டத நெனச்சி வேகுறேன்னு நெனச்சாரு. அம்மாகிட்ட சொல்லியிருக்காரு."

"ஆஸ்பத்திரியில மனசுல வச்சிக்காதன்னு சொன்னாரே. எங்கிட்ட மன்னிப்பு கேக்குறாருன்னு நெனச்சிட்டேன். இப்ப வந்து கேக்குறியான்னு ஆத்திரம் வந்துச்சு. அதான் கீழ எறங்கிப் போய்ட்டேன். ஃபிளாஸ்க்குல மொதல்லயே வெந்நி இருந்துச்சு."

தரையில் சொட்டியிருந்த தண்ணீரை நான் ஒரு துணியால் துடைத்தேன்.

"நான் பண்ணாத தப்புக்கு அவரு என்னை அன்னைக்கே மன்னிச்சிட்டாரு" என்றாள். "அவரு பண்ணாத தப்புக்கு நான்தான் அவரைக் கடைசி வரிக்கும் மன்னிக்கல."

பிறகு அடுப்பைப் பற்றவைத்தாள். காப்பி குடித்தோம். எனக்குச் சர்க்கரை போடக் கூடாது என்பதை மறந்து போட்டிருந்தாள். நான் சொல்லாமல் குடித்துவிட்டேன்.